ஈ இன்னும் இருக்குதுங்க

உங்க பேண்ட்டுல சொட்டிருச்சுங்களா? அடடா, மன்னிச்சுக்கோங்க. இந்தாங்க துண்டு, தொடைச்சுக்கோங்க. வெறும் தண்ணிதானுங்க, கறையெல்லாம் ஆகாது. கொஞ்சம் மண்ணு கலந்திருக்கும், காஞ்சப்பறம் தட்டுனாப் போயிரும். தொட்டிக்கு அடியில பிளாஸ்டிக் கவர் கட்டித்தான் கொண்டு வந்தேன். அவிநாசி வர்ற வரைக்கும் தாங்குச்சு. இப்பக் கவரே நெறைஞ்சிருச்சாட்ட இருக்குது.

இல்லீங்க, மேல வைக்க முடியாது. கண்டக்டரும் அதையேதான் சொன்னாரு. மேல வச்சா இந்தக் குருத்து ஒடிஞ்சு போயிரும். பாருங்க, நடுவுல புதுசா ஒண்ணு வந்திருக்குது, சுருட்டி வச்ச பேப்பராட்ட. ஸ்நேக் பிளான்ட்டுங்கறாங்க இதை. கடிக்காது. நுனி உங்க தோள்ல குத்துனாச் சொல்லுங்க, திருப்பி வச்சுக்கறேன்.

நீங்களும் சேலமுங்களா? நல்லதாப் போச்சு. நானும் சேலந்தான். எங்க வீட்டம்மா அங்கதான் இருக்கறாங்க. பேங்க்ல மேனேஜர். கதவுல பேரு போட்டிருக்குது, சாந்தாமணின்னு. எம் பேரு தண்டபாணி. கோயமுத்தூர்ல அரசாங்க ஆபீஸ் ஒண்ணுல சூப்பிரண்டு. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, சொன்னா எல்லாரும் ஒரு வேலை சொல்லிர்றாங்க.

ஏன் ஓடற பஸ்ஸுல தொட்டிக்கு இத்தனை தண்ணி ஊத்தறேன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். பேண்ட்டு நனைஞ்ச ஆளு கேக்காம வேற யாரு கேப்பாங்க? சொல்றேன். ஆனா மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும். எங்கிட்ட எதையும் பாதியில இருந்து சொல்ற பழக்கம் கெடையாது.

சாந்தாவுக்கு ரெண்டு தடவை புரமோசன் வந்துச்சுங்க. ரெண்டு தடவையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா. அதாவது நான் எழுதுனேன், அவ கையெழுத்துப் போட்டா. இங்கிலீஷ்ல எழுதறது எனக்குக் கொஞ்சம் கைவந்த வேலை. மூணாவது தடவை வந்தப்ப எங்கிட்டச் சொல்லவே இல்ல. ஆர்டரைக் கையில வாங்கிட்டு வந்து சாப்பாட்டு மேசையில, ரசத்துக்குப் பக்கத்துல வச்சா. சேலம்னு போட்டிருந்துச்சு. சரி, ஒரு வருசந்தானேன்னேன். மூணு வருசம்னா. அப்பறம் எனக்கு ரசம் எறங்கலீங்க.

எங்களுக்குக் கொழந்தைங்க இல்ல. அதனால எனக்கு எல்லாமே அவதான். கல்யாணம் ஆனதுல இருந்து அவளை ஒரு நாள் டவுன் பஸ்ஸுல அனுப்பினதில்ல. காலையில ஸ்கூட்டர்ல கொண்டு போய் பேங்க் வாசல்ல எறக்கி விடுவேன், சாயங்காலம் போய் நிப்பேன். அவ வெளிய வர அஞ்சு நிமிசம் ஆச்சுன்னா உள்ளுக்கு போன் அடிச்சிருவேன். அங்க வேலை பாக்கற பொண்ணுங்க, மேடம், உங்க அலாரம் அடிக்குதுன்னு கேலி பண்ணுமாம். சாந்தா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பா. ஆரம்பத்துல சிரிச்சா.

நடுவுல ஒரு தடவை ஸ்கூட்டி ஓட்டறேன்னு கெளம்புனா. அவ அண்ணன் வாங்கிக் குடுத்துட்டாரு. ரெண்டு நாள் எங்க தெருவுலயே ஓட்டுனா, நல்லாத்தான் ஓட்டுனா. ஆனா தெரு வேற, ரோடு வேற. அவிநாசி ரோட்டுல லாரிக்காரங்க எப்படி வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள, அடியில போட்டு வச்சுட்டேன். தேடித் தேடிப் பாத்துட்டு விட்டுட்டா. அரிசி தீந்தப்ப எப்படியும் சாவி அவ கையிலதான் கெடைச்சிருக்கணும். ஆனா ஒரு வார்த்தை கேக்கலீங்க. சாவி திரும்ப என் கண்ணுல படவும் இல்ல. வண்டியை அண்ணனுக்கே குடுத்தனுப்பிட்டா. அவ்வளவு நல்ல மனசு அவளுக்கு.

செடிக்கு வர்றேன், வர்றேன்.

சேலம் கெளம்பறப்ப ஹால்ல அஞ்சாறு தொட்டி விட்டுட்டுப் போனா. பேங்க்ல ரிட்டையரான ஒரு மேடம் அவளுக்குக் குடுத்தது. படி எறங்கறப்ப எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னா. 'ஏனுங்க, இதுகளைச் சும்மா விட்ருங்க. மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. உள்ளயும் காஞ்சிருந்தா மட்டும் ஒரு டம்ளர் ஊத்துங்க. மத்தபடி தொடவே தொடாதீங்க.'

சும்மா விடறதுங்கறது எனக்கு வராதுங்க. எங்க ஆபீஸ்ல சும்மா இருக்கறவங்க நெறையப் பேரு. நான் அந்த ரகம் இல்ல. காலையில எந்திரிச்சதும் ஆளுக்கு ஒரு சொம்பு. ஆபீஸ் கெளம்பறப்ப, பாவம் பகலெல்லாம் தனியா இருக்குமேன்னு இன்னொரு சொம்பு. அரிசி களைஞ்ச தண்ணியைக் கீழ கொட்ட மனசு வருமுங்களா? அதுவும் தொட்டிக்குத்தான். டீ வடிச்ச தூளு நல்ல உரம்னாங்க, அதையும் போட்டேன். புளிச்ச மோரு. பருப்புக் கழுவுன தண்ணி. அப்பறம் மண்புழு உரம் ஒரு மூட்டை வாங்கியாந்து ஒவ்வொண்ணுக்கும் மெத்தையாட்டப் பரப்பி விட்டேன். அடியில தட்டு வச்சு அதுலயும் தண்ணி நிறுத்தினேன், கீழ எறங்குனதை வேணும்னா மறுபடி குடிச்சுக்கட்டும்னு. நான் நைட்டு வெறும் பிரெட்டைத் தின்னுட்டுப் படுத்திருக்கறேனுங்க. அதுங்களுக்கு ஒரு கொறை வெக்கல.

ஒரு மாசத்துல ஈ வந்துருச்சு.

வீட்டு ஈ இல்லீங்க. இது பொடி ஈ. கொசுவை விடச் சின்னது, கருப்பா இருக்கும். ஒழுங்காப் பறக்கக்கூடத் தெரியாது. மண்ணு மேல ஓடும். தொட்டியைத் தட்டுனாக் குபுக்குன்னு எந்திரிக்கும். டிவி போட்டா டிவியில ஒக்காரும். போன் எடுத்தா போன்ல. காப்பி குடிச்சா, காப்பிக்குள்ளயே. நான் ரெண்டு நாள் பெருங்காயத் தூளுன்னு நெனைச்சு ரசத்துல இருந்ததைக் குடிச்சுட்டேன். ஒண்ணும் ஆகலீங்க.

சாந்தா மொதல்ல எல்லாம் வாராவாரம் சனிக்கெழமை வந்துருவா. அப்பறம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். அப்படி வந்திருந்தப்ப, ஒரு நாள் ஒக்காந்து தோசை சாப்பிட்டுட்டு இருந்தா. நான் எதுத்தாப்புல ஒக்காந்து பேசிட்டு இருந்தேன். அங்க என்ன சாப்பிடறே, எத்தனை மணிக்குத் தூங்கறே, மேல் வீட்ல யாரு, கீழ் வீட்ல யாரு, முந்தாநாள் ஒம்பது மணிக்கு உன் போன் ஏன் பிஸியாவே இருந்துச்சு, அந்த நீலச் சேலையை ஏன் கட்டறதே இல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒரு நாள்தான் ஆளு கையில கெடைக்குது, அப்பக் கேக்காம எப்பக் கேக்கறது? அவ தலை நிமிராம தட்டையே பாத்துட்டு இருந்தா. அந்த நேரம் பாத்து ஒரு ஈ அவ கண்ணுக்குள்ள போயிருச்சு.

தட்டைத் தள்ளி வச்சுட்டா. கண்ணுல தண்ணியாக் கொட்டுது. துண்டைக் குடுத்தேன், வாங்கல. 'என்னால முடியலீங்க'ன்னா. 'இந்த...'ன்னு சொல்லிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு இருந்தா. அப்பறம், 'இந்த ஈ போற வரைக்கும் நான் இங்க வரலீங்க'ன்னா.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தக் கண்ணு காயலீங்க. ஒரு பொடி ஈக்கு இத்தனை தண்ணி வருமான்னு எனக்கே ஆச்சரியம்.

ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? எனக்கு ஒரு வகையில நிம்மதி. அதுக்கு முன்னாடி ரொம்ப நாளாவே அவ ஒரு மாதிரி இருந்தா. என்ன கொறைன்னு கேட்டா ஒண்ணுமில்லைம்பா. இப்ப என்ன கொறைன்னு தெரிஞ்சுபோச்சு. ஈ. ஈ போச்சுன்னா அவ வந்துருவா. இனி நம்ம வேலைதானே?

மருந்து அடிக்கலாம்னுதான் மொதல்ல நெனைச்சேன். போன்லயே சத்தம் போட்டுட்டா. அவளுக்கு எளைப்பு உண்டுங்க, மூச்சு வாங்கும், மருந்து வாசம் ஆகாது. 'மருந்து கிருந்து அடிச்சீங்க, அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்.' சரி, மருந்து இல்ல. மருந்து இல்லாம என்னென்ன வழி இருக்குதோ அத்தனையும் விசாரிச்சேன்.

அவளும் ஒரு வழி சொன்னா. இல்லைங்கல. 'ஈரத்துலதான் அது முட்டை போடுது. மேல் மண்ணு நல்லாக் காஞ்சுபோச்சுன்னா புழு செத்துரும், அப்பறம் ஈ எங்கிருந்து வரும்? தட்டுல இருக்கற தண்ணியைக் கொட்டுங்க. பத்துப் பதினஞ்சு நாளைக்குத் தொடாதீங்க'ன்னா. நான் கேட்டேன், காயப்போட்டுச் செடி செத்துருச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? 'செத்தாலும் பரவால்ல. நீங்க கையைக் கட்டிட்டுச் சும்மா இருந்தாப் போதும்'னா. செத்தாலும் பரவால்லைன்னு சொன்னவளை நம்பி ஒரு உசுரைக் காயப்போட முடியுமுங்களா? அதனால அந்த ஒரு வழியை மட்டும் விட்டுட்டு மத்தது எல்லாத்தையும் பண்ணுனேன்.

மஞ்சக் கலரைப் பாத்தா அந்த ஈ வந்து ஒட்டுமாம். ஆபீஸ்ல மஞ்சக் கலர் ஃபைல் அட்டை இருந்துச்சு. நறுக்கி, வெளக்கெண்ணெயைத் தடவி, குச்சியில கட்டி ஒவ்வொரு தொட்டியிலயும் நட்டேன். ஒட்டுச்சுங்க. ஏகமா ஒட்டுச்சு. என் சட்டையும் ஒட்டுச்சு. ஒட்டுன அட்டையைப் போட்டோ எடுத்து சாந்தாவுக்கு அனுப்புனேன், எத்தனை விழுந்துச்சுன்னு அவளும் பாக்கட்டும்னு. காலையில மீட்டிங்ல இருக்கறப்ப ஈ போட்டோ வேண்டாமுங்கன்னு பதில் போட்டா. சரின்னு சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டேன்.

அப்பறம் உருளைக்கெழங்கு. வட்டமா நறுக்கி மண்ணு மேல வச்சா உள்ள இருக்கற புழுவெல்லாம் கெழங்குக்கு ஏறி வருமாம். அப்படியே எடுத்து வெளிய வீசிரலாமாம். வச்சேன். இன்னுங் கொஞ்சம் ஏறட்டும், இன்னுங் கொஞ்சம் ஏறட்டும்னு விட்டதுல ரெண்டு தொட்டியில கெழங்கு மொளைச்சிருச்சு. மொளைச்சதைப் பிடுங்க மனசு வரல. அதுக்கும் சேத்துத் தண்ணி ஊத்துனேன்.

வேப்பம்புண்ணாக்கு ஊற வச்சு ஊத்துனேன். அந்த நாத்தத்துக்கு எதுத்த ஃபிளாட்டு சகாயராஜ் வந்து கதவைத் தட்டி, 'அண்ணா, உள்ள எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா?'ன்னான். மணல் பரப்புனா முட்டை போட எடம் இருக்காதுன்னாங்க. பரப்புனேன். நான் ஊத்துன தண்ணிக்கு மணல் எல்லாம் ஓரமா ஒதுங்கிருச்சு. கிண்ணத்துல வெல்லத்தைக் கரைச்சு, வினிகரு விட்டு, சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டு வச்சேன். அதுல ஈ விழுந்துச்சு, கூட எறும்பும் வந்துருச்சு. எறும்பைப் பத்தியும் அவகிட்டச் சொன்னேன். எதையும் மறைக்கறதில்ல. காலையில எந்திரிச்சதும் ஒரு போன், மத்தியானம் சாப்பிட்டியான்னு ஒண்ணு, சாயங்காலம் ஈ நிலவரம் ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் அவ ஒரே கேள்விதான் கேப்பா. 'காயவிட்டீங்களா?' நான் இல்லைம்பேன். 'சரிங்க'ம்பா. அவ்வளவுதான், வச்சிருவா. பேங்க்ல அத்தனை வேலை.

உங்க போன் அடிக்குதுங்க. பாருங்க, பாருங்க. நான் காதைத் திருப்பிக்கறேன்.

வீட்லயிருந்துங்களா? பெருந்துறை தாண்டியாச்சான்னு கேக்கறாங்களா? தாண்டியாச்சுன்னு சொல்லுங்க. பக்கத்துல ஒருத்தர் செடி வச்சிருக்கறாருன்னும் சொல்லிட்டீங்களா, சரி, சரி.

ஏனுங்க, அவங்களாவே கூப்பிட்டாங்களா? நீங்க கூப்பிடாமயே? அடிக்கடி அப்படிக் கூப்பிடுவாங்களா? இல்ல, சும்மா கேட்டேன்.

எங்க விட்டேன்? சாம்பிராணி. அதைச் சொல்லணும். புகை போட்டா ஈ ஓடிரும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. சாம்பிராணி என்ன மருந்தா, சாமிக்குப் போடறதுதானே? ஹால்ல நாலு மூலையிலயும் வச்சு, ஜன்னலை அடைச்சு, ஞாயித்துக்கெழமை காலையில போட்டேன். என்ன புகைங்கறீங்க! சகாயராஜ் பொண்டாட்டி தீப்பிடிச்சிருச்சுன்னு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அவன் பக்கெட்டோட மேல வந்துட்டான். ஆனா பலன் இருந்துச்சு. ஒரு ஈயைக் காணோம். ஒடனே சாந்தாவுக்கு போன் போட்டேன். ஈ போயிருச்சு, கெளம்பி வா, இன்னைக்கே வான்னேன். வேலை இருக்குதுங்கன்னா. ஞாயித்துக்கெழமை என்ன வேலைன்னேன். அப்பறம் சரின்னா.

மத்தியானம் வந்தா. வாசல்ல செருப்பைக் கழட்டி உள்ள ஒரு அடி வச்சதும் இருமல் புடிச்சிருச்சு. எனக்கு அந்த எளைப்பு சமாச்சாரம் சுத்தமா மறந்துபோச்சுங்க. ஈ நெனைப்புல அவளையே மறந்துட்டேன். வெளிய படிக்கட்டுல ஒக்கார வச்சு, அவ பையில இருந்து அந்த உறிஞ்சற மருந்தை எடுத்துக் குடுத்தேன். மூச்சு சரியாகி நிமிந்து பாத்தா, நம்ம ஈ ரெண்டு, ஒண்ணுமே நடக்காததாட்ட அவ பை மேல ஓடுது. 'நான் இப்படியே கெளம்பறேங்க'ன்னா. தண்ணிகூடக் குடிக்கல. பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு, பஸ்ஸு உக்கடம் பக்கம் போகுதா காந்திபுரம் பக்கம் போகுதான்னுகூடத் தெரியாம நின்னேன். ஒரு ஆம்பளை பஸ் ஸ்டாண்டுல நின்னு அழுதா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு.

அதுக்கப்பறம் அவ வரல.

சங்ககிரி வரப் போகுதுங்களா? சரி, சீக்கிரம் முடிச்சர்றேன். அந்த உங்க பாட்டில் தண்ணியை மட்டும் முழுசாக் குடிச்சராதீங்க. எனக்கு அப்பறம் கொஞ்சம் வேணும்.

எனக்கு மெட்ராஸ்ல ட்ரெய்னிங் போட்டாங்க. ரெண்டு வாரத்துக்கும் மேல. கம்ப்யூட்டர்ல ஃபைல் அனுப்பறது எப்படின்னு. போக மாட்டேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், விடல. வீட்டுச் சாவி ரெண்டுல ஒண்ணை சகாயராஜ்கிட்டக் குடுத்தேன். தம்பி, காலையில ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, அரிசித் தண்ணி இருந்தா ரொம்ப நல்லதுன்னு சொன்னேன். 'நீங்க கவலையே படாதீங்கண்ணா'ன்னான். தெனம் போன் போட்டுக் கேட்டேன். 'ஊத்தியாச்சுண்ணா, ஊத்தியாச்சுண்ணா'ன்னான்.

திரும்பி வந்து கதவைத் திறந்து பாக்கறேன், மண்ணெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குது. தட்டெல்லாம் வெள்ளையா உப்புப் பூத்துக் கெடக்குது. படுபாவி ஒரு சொட்டு ஊத்தலீங்க. சாவியை எங்கயோ வச்சு மறந்துட்டானாம். சொன்னா நான் திட்டுவேன்னு ஊத்தியாச்சு ஊத்தியாச்சுன்னு பொய் சொல்லிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு அவனை நாலு வார்த்தை நல்லாக் கேக்கணும்னு நாக்கு துடிக்குது. செடி செத்துருக்கும், சாந்தாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு பையைக்கூடக் கீழ வெக்காம ஒவ்வொண்ணாப் பாத்தேன்.

ஒண்ணும் சாகலீங்க. மொளைச்ச உருளைக்கெழங்கு ரெண்டுந்தான் போச்சு. மத்ததெல்லாம் தெம்பா நிக்குது. இதுல பாருங்க, இந்தக் குருத்து, நான் தண்ணி ஊத்துன காலத்துல இது எட்டிக்கூடப் பாக்கல. தொட்டியைத் தட்டுனேன். ஒண்ணும் எந்திரிக்கல. இன்னொண்ணைத் தட்டுனேன். இல்ல. காப்பி போட்டு வச்சு, ஆறுற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன். ஒரு ஈ விழுகல. டிவி போட்டேன், டிவியிலயும் இல்ல. அந்த ஹால்ல ஒரு சத்தம் இல்ல, ஒரு அசைவு இல்ல. நான் மட்டும் ஒக்காந்திருக்கறேன்.

சில செடி அப்படித்தான் போல. நம்ம கை படாம இருந்தாலே தழைக்கற ஜாதி. எனக்கு இது யாருங்க சொன்னாங்க? ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க? சாந்தாதான் சொன்னாளா? ஆமா, சொன்னா. இல்லைங்கல.

சகாயராஜை ஒண்ணும் சொல்லலீங்க. சாவியைத் தேடி எடுத்துக் குடுத்தான், வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

போனை எடுத்தேன். எத்தனை மாசமா இந்த ஒரு போனுக்குத்தானே காத்திருந்தேன்? ஈ போயிருச்சு சாந்தா, நெஜமாவே போயிருச்சு, சாம்பிராணி இல்ல, மருந்து இல்ல, நீ சொன்னபடியேதான் ஆச்சு, கெளம்பி வா. வாயில ரெடியா வச்சிருந்தேன். அவளும் ஒடனே எடுத்துட்டா.

'என்னங்க, ஈ போச்சுங்களா?'ன்னு கேட்டா.

போன்ல அவ குரலை எத்தனை தடவை கேட்டிருக்கறேன். ஆனா அன்னைக்குத்தான் அந்தக் குரலைக் கவனிச்சேன். பயந்த குரலுங்க. பரீட்சை ரிசல்ட்டு கேக்கறவங்களாட்ட. போயிருச்சுன்னு நான் சொல்லிருவனோங்கற பயம்.

'இல்ல சாந்தா, ஈ இன்னும் இருக்குது'ன்னேன்.

'அப்படிங்களா'ன்னா. மூச்சை நல்லா இழுத்து விட்டது எனக்கு இங்க கேக்குது. எளைப்பெல்லாம் இல்ல, நல்ல மூச்சு. அப்பறம் என்னைக்கும் இல்லாதபடி நின்னு பேசுனா. மெட்ராஸ்ல சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா. முட்டி வலிக்குத் தைலம் போட்டீங்களான்னு கேட்டா. அவளாக் கேட்டாளுங்க! ரெண்டு பேரும் சிரிச்சுக்கூடப் பேசுனோம். நான்தான், உனக்கு வேலை இருக்கும் வையின்னேன்.

மூணு வாரம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் ஈ போனதை நான் சொல்லல. தெனம் கேக்கறா, தெனம் இருக்குதுன்னு சொல்றேன். நேத்து கொஞ்சம் அதிகமாவே ஆயிருச்சுன்னேன்.

போன வாரம், அந்த ஸ்நேக் பிளான்ட்டை மட்டும் கொண்டு வந்து தர்றீங்களா, இங்க பால்கனியில நல்ல எடம் இருக்குதுன்னு கேட்டா. வீட்டுக்கே கொண்டு வர்றேன்னேன். 'வெயில்ல எதுக்குங்க அவ்வளவு தூரம், நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கறேன், நீங்க அடுத்த பஸ்ஸுலயே திரும்பிரலாம்'னா. எனக்கு அலைச்சல் வேண்டாம்னு பாக்கறா. அந்த வீடு எந்தத் தெருவுலன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியாதுங்க.

அதுக்குத்தான் இந்தத் தண்ணி. இப்பப் புரிஞ்சுதுங்களா? அவ தொட்டியைக் கையில வாங்குனதும் மொத வேலையா விரலை உள்ள விட்டுப் பாப்பா. காஞ்சிருந்தா ஒடனே கண்டுபுடிச்சிருவா. இவரு காயவிட்டுட்டாரு, அப்ப ஈ இல்லைன்னு. சேறாட்ட இருந்தாத்தான் பழைய தண்டபாணின்னு நம்புவா.

உண்மையைச் சொல்லிர வேண்டியதுதானேங்கறீங்க. சொல்லலாமுங்க. சொன்னேன்னே வச்சுக்கோங்க. ஈ இல்ல சாந்தா, வீடு சுத்தமாயிருச்சு, வான்னு. அப்பவும் அவ வரலைன்னா? இப்ப ஈயாலதான் வரலைன்னு இருக்குது. அக்கம்பக்கத்துல கேட்டாலும் அதைத்தான் சொல்றேன், எனக்கு நானும் அதைத்தான் சொல்லிக்கறேன். ஈயும் இல்லைன்னு ஆயிருச்சுன்னா அப்பறம் எதனால வரல? அந்த வீட்ல என்னை விட்டா வேற என்னங்க இருக்குது?

பஸ்ஸு உள்ள திரும்புது. சித்த எந்திரிச்சுக்கறேன், இந்தத் தொட்டியை ஒரு கை புடிங்க.

அதோ நிக்கறா பாருங்க. அந்தத் தூணுக்குப் பக்கத்துல, நீலச் சேலை. ஆமாங்க, அவதான். கையில இருக்கறது ஹெல்மெட்டுங்க. ஸ்கூட்டி வாங்கியிருக்கறா, எங்கிட்டச் சொல்லல. எளைச்சிருக்கறாளா? இல்ல, நல்லாத்தான் இருக்கறா. நல்லாவே இருக்கறா. இவ்வளவு நல்லா இருந்து நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

அந்தப் பாட்டில்ல எவ்வளவு தண்ணி இருக்குதுங்க? நான் தொட்டியைப் புடிச்சுக்கறேன், நீங்களே ஊத்துங்க. குருத்து மேல படாம, ஓரமா. பேண்ட்டுதான் ஏற்கனவே நனைஞ்சு போச்சே, பரவால்ல. இன்னுங் கொஞ்சம். முழுசா ஊத்திருங்க.